செவியை அளந்தவர்கள்: மின்ஹாஜ் முதல் தாம்பரம் சானடோரியம் வரை

ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜுத் தாலிபீன்' ஷாஃபிஈ ஃபிக்ஹ் ஓதுவோர் அனைவரும் அறிந்த நூல். உறுப்புகளுக்கும் புலன்களுக்கும் பிறரால் நேரும் சேதத்திற்குரிய இழப்பீட்டை, அதாவது தியத்தை, விளக்கும் பகுதி அதில் உண்டு. அரபுக் கல்லூரி வகுப்புகளில் இப்பகுதியை நாம் பெரும்பாலும் விரைந்து ஓதிக் கடந்துவிடுகிறோம். அச்சட்டங்கள் இந்நாட்டில் நடைமுறையில் இல்லை என்பதே அதற்குக் காரணம். ஆனால் அப்பகுதியில் செவிப்புலன் குறித்து வரும் சில வரிகள் நின்று நிதானித்து ஓதத்தக்கவை. கேட்கும் திறனை எவ்வாறு சோதிப்பது, இழப்பை எவ்வாறு அளப்பது, பொய்யாகக் கேளாமை நடிப்பவனை எவ்வாறு கண்டறிவது ஆகிய மூன்று வினாக்களுக்கும் அவ்வரிகளில் விடை உண்டு.

செவித்திறன் இழப்பின் காரணங்கள், அதை அளக்கும் முறைகள், அதற்கான பரிகாரங்கள் ஆகியவற்றை அவ்வரிகளிலிருந்து தொடங்கி, நம் சென்னைத் தென்புறநகர் வரையில் பின்தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தியத்தும் செவியும்

இரு செவிகளின் கேட்கும் திறனும் ஒருவரால் அழிக்கப்பட்டால் முழு தியத் கடமையாகும். ஒரு செவியினது அழிந்தால் பாதி. இது ஓர் உயிரின் இழப்பீட்டோடு ஒப்பவைத்த மதிப்பாகும். அதைவிடவும் கருதத்தக்கது அடுத்த விதி. ஒருவரின் இரு காதுமடல்களும் வெட்டப்பட்டு, அத்துடன் அவரது கேட்கும் திறனும் போய்விடுமானால் இரண்டு தியத்துகள் உண்டு. மடல் வேறு, புலன் வேறு. புலனின் இருப்பிடம் வெளியில் தெரியும் அந்தத் தசைமடலில் இல்லை என்பதை ஃபுகஹாக்கள் தெளிவாகப் பிரித்தறிந்திருந்தனர்.

அடுத்து, 'எனக்குக் காது கேட்கவில்லை' என்று ஒருவர் வழக்குரைத்தால் காழீ என்ன செய்ய வேண்டும்? அவர் உறங்கும்போதும் கவனமற்றிருக்கும்போதும் உரக்கச் சப்தமிட்டுப் பார்க்க வேண்டும். திடுக்கிட்டால் அவர் கூற்று பொய். திடுக்கிடவில்லையேல் சத்தியம் செய்துவிட்டு தியத்தைப் பெறலாம். ஒரு செவியில் மட்டும் திறன் குறைந்திருப்பதாகக் கூறினால், அச்செவியை அடைத்துவிட்டு மற்றச் செவி எவ்வளவு தொலைவு வரை கேட்கிறது என்று அளக்க வேண்டும். பின்னர் நல்ல செவியை அடைத்துவிட்டுக் குறையுள்ள செவியின் எல்லையை அளக்க வேண்டும். இரு தொலைவுகளுக்கும் உள்ள வேறுபாட்டின் விகிதப்படி இழப்பீடு அமையும். ஹன்பலீ மத்ஹபின் பெருநூலான 'அல்முக்னீ'யில் இப்னு குதாமா (ஹிஜ்ரி 620) அவர்களும் இதே முறையை, பேசுபவர் சிறிது சிறிதாக விலகிச் செல்ல, கேட்பவர் 'இனிக் கேட்கவில்லை' என்று கூறும் இடத்தைக் குறித்துக்கொள்வதாக விவரிக்கிறார்கள்.

இதைக் கொண்டு ஆடியோமீட்டரை நம் முன்னோர்களே கண்டுபிடித்துவிட்டனர் என்று பெருமை பேசுவது முறையன்று. தொலைவு இரட்டிக்கும்போது திறந்த வெளியில் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல்தான் குறைகிறது. ஆகவே தொலைவின் விகிதமும் புலனின் விகிதமும் ஒன்றல்ல. தாழ்ந்த சுருதி, உயர்ந்த சுருதி என்று பிரித்துச் சோதிக்கும் வழியும் அன்று இல்லை. ஆனால் மூன்று அடிப்படைகள் அங்கே உள்ளன. செவிகளைத் தனித்தனியே சோதிக்க வேண்டும். இழப்பை அளவால் கூற வேண்டும். சோதிக்கப்படுபவரின் பதிலை நம்பியிராத ஒரு சோதனையும் வேண்டும். இன்றைய செவியியலும் இம்மூன்றின் மேல்தான் நிற்கிறது.

மருத்துவர்களின் பங்கு

ஃபுகஹாக்கள் அளவைப் பேசினர்; மருத்துவர்கள் காரணத்தைத் தேடினர். இப்னு ஸீனா (மறைவு 1037) தமது 'அல்கானூன்' நூலின் மூன்றாம் பாகத்தில் காது நோய்களுக்குத் தனிப்பகுதி ஒதுக்கினார். அந்தலுஸின் அறுவை மருத்துவர் அபுல்காஸிம் அஸ்ஸஹ்ராவீ 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பாகத்தில், காதுக்குள் விழுந்த பொருள்களை எடுக்கும் விதத்தையும், பிறவியிலேயே அடைபட்ட செவித்துளையைத் திறக்கும் முறையையும் எழுதினார். நோயாளியின் காதைச் சூரிய ஒளிக்கு எதிரே பிடித்து உள்ளே நோக்கும்படி அவர் கூறியது, கருவிகள் இல்லாத காலத்தில் கண்ணால் கண்ட பின்னரே கைவைக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டைக் காட்டுகிறது.

இன்றைய அறிவின்படி செவிக்கு மூன்று அறைகள் உண்டு. மடலும் துளையும் சேர்ந்தது புறச்செவி. செவிப்பறையும் அதன் பின்னுள்ள மூன்று நுண்ணெலும்புகளும் நடுச்செவி. நத்தைக்கூடு போன்று சுருண்ட காக்ளியா உட்செவியில் உள்ளது. காக்ளியா ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் இருந்து, ஒலியின் அதிர்வை நரம்பின் செய்தியாக மாற்றுகின்றன. புறச்செவியிலோ நடுச்செவியிலோ தடை நேர்ந்தால் ஒலி கடத்தல் குறைகிறது. குறும்பி அடைப்பு, செவிப்பறையில் துளை, சீழ் வடிதல் ஆகியவை இவ்வகை. பெரும்பாலும் மருந்தாலும் அறுவையாலும் சரிசெய்யக்கூடியவை இவை. உட்செவியின் மயிரணுக்கள் அழிந்தால் நிலை வேறு. மனிதரில் அவை மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே அவ்வகையில் வருமுன் காப்பதும், வந்ததை விரைவில் கண்டறிவதுமே வழி.

நம் இல்லங்களில் சீழ் வடியும் பிள்ளையின் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது இன்னும் நின்றபாடில்லை. செவிப்பறையில் துளையிருக்கும்போது ஊற்றப்படும் எண்ணெய் நடுச்செவிக்குள் இறங்கித் தொற்றை வளர்க்கும். ஓராண்டு, ஈராண்டு என்று கவனியாது விடப்படும் சீழ், நுண்ணெலும்புகளை அரித்துவிடவும் கூடும். ஏழைக் குழந்தைகளிடம் செவித்திறன் குறைவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

இசைக்கவையிலிருந்து உறங்கும் குழந்தை வரை

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில்தான் இரு வகை இழப்புகளையும் பிரித்தறியும் எளிய கருவி மருத்துவர் கைக்கு வந்தது. இசைக்கவையை நெற்றியில் வைத்து எச்செவியில் ஒலி மிகுகிறது எனக் காணும் சோதனை, 1834இல் அதை விவரித்த வெபர் என்பவரின் பெயரால் வழங்குகிறது. காதின் பின்னெலும்பில் வைத்தும் துளையின் எதிரில் பிடித்தும் ஒப்பிடும் சோதனையை 1855இல் ரின்னே வெளியிட்டார். இன்றும் காது மூக்குத் தொண்டை மருத்துவரின் மேசையில் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை இருக்கக் காண்கிறோம். 1920களில் மின்வழி ஆடியோமீட்டர் வந்தபின், 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் எத்தனை டெசிபெல்லில் கேட்கத் தொடங்குகிறது என்று வரைபடமாகக் காட்ட முடிந்தது.

எனினும் ஆடியோமீட்டருக்கும் 'கேட்கிறது' என்று கை உயர்த்தும் மனிதர் வேண்டும். பச்சிளங் குழந்தைக்கு அது இயலாது. 1978இல் இங்கிலாந்தின் டேவிட் கெம்ப், நலமான உட்செவி ஒலியைப் பெற்றவுடன் தானும் ஒரு மெல்லிய ஒலியை எதிரொலிப்பதைக் கண்டறிந்தார். காதில் வைத்த சிறு ஒலிவாங்கியால் அதைப் பதிவு செய்யலாம். குழந்தை உறங்கிக்கொண்டிருக்கையிலேயே சில நிமிடங்களில் சோதனை முடிந்துவிடும். தலையில் மின்முனைகள் ஒட்டி, ஒலி மூளைத்தண்டு வரை சென்றடைவதை அளக்கும் சோதனை இதற்குத் துணை. உறக்கத்திலும் கவனமின்மையிலும் சோதிக்கச் சொன்ன மின்ஹாஜின் விதி இங்கே நம் நினைவுக்கு வருகிறது. அங்கே வாய் திறந்து பொய் சொல்லக்கூடியவரைச் சோதிக்க அது தேவைப்பட்டது. இங்கே வாய் திறக்கவே அறியாத குழந்தையைச் சோதிக்கத் தேவைப்படுகிறது.

பிறந்த ஒரு மாதத்திற்குள் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்திற்குள் பரிகாரத் தொடக்கம் என்பதே இன்று வல்லுநர்கள் வகுத்துள்ள கால அளவு.

தாம்பரம் சானடோரியம்

புறநகர் மின்சார ரயிலில் செல்வோர் நாள்தோறும் கேட்கும் பெயர் 'தாம்பரம் சானடோரியம்'. அங்கே முன்பு இருந்தது எது, அப்பெயர் எதைக் குறிக்கிறது என்பதை அறிந்தோர் குறைவு. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோயர் இல்லம் நடத்திய தமிழ் மருத்துவர் டேவிட் சௌரி முத்து, 1928இல் தாம்பரத்தில் அத்தகைய ஓர் இல்லத்தை நிறுவினார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவையே சிகிச்சை. 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. நெஞ்சக நோய் அரசு மருத்துவமனையாக அது இன்றும் தொடர்கிறது.

காசநோய்க்கும் காதுக்கும் என்ன தொடர்பு? நோயைவிட, அதன் மருந்தில்தான் தொடர்பு உள்ளது. 1943இல் அமெரிக்காவில் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் பிரித்தெடுத்த ஸ்ட்ரெப்டோமைசின், காசக் கிருமியைக் கொன்ற முதல் மருந்து. ஆனால் அது பயன்பாட்டுக்கு வந்த மிகச் சில ஆண்டுகளிலேயே, ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குத் தலைசுற்றலும் நிலைதடுமாற்றமும் காது மந்தமும் ஏற்படுவது தெரியவந்தது. மருந்து உட்செவியைத் தாக்கியது. 1957இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட கானாமைசினும், பின்னர் வந்த அமிகாசினும் இதே இனத்தைச் சேர்ந்தவை. ஸ்ட்ரெப்டோமைசின் பெரிதும் உடற்சமநிலையைக் காக்கும் பகுதியைத் தாக்க, இவை இரண்டும் கேட்கும் பகுதியையே மிகுதியாகத் தாக்கின.

உயிரைக் காத்த மருந்து புலனைப் பறித்தது என்பது மருத்துவ வரலாற்றின் துயரங்களுள் ஒன்று. இந்தியக் காசநோய்த் திட்டத்தில், ஒருமுறை சிகிச்சை பெற்றும் மீண்டும் நோய் கண்டவர்களுக்கு இரண்டு மாத காலம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி நெடுங்காலம் வழக்கிலிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2017இல்தான் அம்முறையைக் கைவிடும்படி கூறியது. பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத காசநோய்க்கோ கானாமைசின் ஊசியை ஆறு மாதமும் அதற்கு மேலும் போட வேண்டியிருந்தது. காச நோயினின்று மீண்டு, காது கேளாதவராக வீடு திரும்பியோர் உலகெங்கும் உண்டு.

இவ்விழப்பின் இயல்பை நாம் கவனிக்க வேண்டும். இம்மருந்துகள் காக்ளியாவின் அடிப்பகுதி மயிரணுக்களை முதலில் அழிக்கின்றன. மிக உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் இடம் அது. மனிதர் பேச்சு அச்சுருதிகளுக்குக் கீழே இருப்பதால், தொடக்கத்தில் நோயாளிக்கு எதுவும் தெரியாது. 'காது நன்றாகத்தான் கேட்கிறது' என்பார். பேச்சு தெளிவற்றுப் போவதை அவர் உணரும்போது அழிவு வெகுதூரம் சென்றிருக்கும். ஆகவே ஊசி தொடங்கும் முன் ஒரு வரைபடமும், இடையிடையே வரைபடங்களும் எடுத்து ஒப்பிட்டால் மட்டுமே இழப்பை முன்கூட்டி அறிந்து மருந்தை மாற்ற முடியும். அளவைக் கேட்பவரின் கூற்றுக்கு மட்டும் விட்டுவிடாதே என்ற பழைய விதி இங்கே உயிர்பெற்று நிற்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் கானாமைசினை விலக்கி, வாய்வழி மருந்துகளையே முதன்மையாக்கும்படி அறிவித்தது. அதற்கு வழிவகுத்த பெடாகுலின் என்னும் புதிய மருந்து, 2016இல் இந்தியாவில் ஒரு சில நகரங்களில் அறிமுகமானபோது சென்னையும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. இன்று மருந்தெதிர்ப்புக் காசநோய்க்குப் பெரும்பாலும் ஊசியில்லாத சிகிச்சையே தரப்படுகிறது. எனினும் கதை முற்றுப்பெறவில்லை. அமிகாசின் சிலருக்கு இன்னும் தேவைப்படுகிறது. அதே இனத்து ஜென்டாமைசின் பச்சிளங் குழந்தைகளின் கடுந்தொற்றுக்குத் தரப்படுகிறது. புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினும் காதைத் தாக்கும். மரபணுவில் ஒரு சிறு மாற்றம் உள்ள சில குடும்பங்களில், இவ்வின ஊசிகள் மிகக் குறைந்த அளவிலேயே செவியைப் பறித்துவிடும். தாய்வழியாக மட்டுமே வரும் அந்த மாற்றம் 1993இல் கண்டறியப்பட்டது. தாய்வழி உறவினர் எவருக்கேனும் ஊசிக்குப் பின் காது மந்தமானதுண்டு எனில், மருத்துவரிடம் முதலிலேயே கூறிவிடுவது நம் கடமை.

இரைச்சல்

மருந்துக்கு அடுத்தபடியாக, இப்பகுதியில் பேச வேண்டியது இரைச்சல். மீனம்பாக்கம் விமான நிலையம், தாம்பரம் விமானப்படைத் தளம், 1931 முதல் ஓடும் மின்சார ரயில், ஜி.எஸ்.டி. சாலையின் ஓயாத ஹாரன், பல்லாவரத்தையும் திரிசூலத்தையும் சுற்றிய கல்குவாரிகள், 1984இல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலத்தின் ஆலைகள் என்று, ஒலி சூழ்ந்த நிலம் இது. சாலையோரத்து இரைச்சல் உறக்கத்தையும் மன அமைதியையும் கெடுக்கும். செவியை நேரே அழிப்பது, கல்லுடைக்கும் எந்திரத்தின் அருகிலும் ஆலைத் தளத்திலும் ஆண்டுக்கணக்கில் நிற்பது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபெல் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. 94 டெசிபெல்லில் ஒரு மணி நேரம்தான்.

இரைச்சலால் வரும் இழப்பு, வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளமாக முதலில் தெரியும். அதுவும் வலியின்றி, ஓசையின்றி வருவது. தொழிலாளிக்குக் காதடைப்பான் தருவது முதலாளியின் கருணை அன்று, கடமை. நம் சமுதாயத்தில் ஆலையும் பட்டறையும் நடத்துவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அவ்வாறே, ரயிலின் சத்தத்தை மிஞ்சுவதற்காக இயர்போனின் ஒலியைக் கூட்டிக்கொண்டு கடற்கரை வரை பயணம் செய்யும் நம் இளைஞர்களுக்கும் இதைக் கூற வேண்டும். வாரத்திற்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்பதே உலக சுகாதார நிறுவனம் பெரியோர்க்குக் கூறும் எல்லை.

பிறவிக் குறையும் உறவுத் திருமணமும்

பிறவியில் வரும் கேளாமைக்குத் தாய்க்குக் கருக்காலத்தில் வரும் ருபெல்லா, குறைப்பிரசவம், கடும் மஞ்சள் காமாலை, தொற்று ஆகியவை ஒருபுறம் காரணங்கள். ருபெல்லாவுக்குத் தடுப்பூசி உண்டு. 2017இல் தமிழகம் முழுதும் அது பெரும் முயற்சியாகப் போடப்பட்டபோது பரவிய வதந்திகளை நாம் மறந்திருக்க மாட்டோம். அவ்வூசியை மறுத்த பெற்றோர், தம் பேரக்குழந்தையின் செவியைப் பணயம் வைத்தனர் என்பதே உண்மை.

மறுபுறம் மரபுவழிக் காரணம். 2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் இரத்த உறவுக்குள் நிகழ்ந்தவை. நாட்டிலேயே உயர்ந்த விகிதங்களுள் இது ஒன்று. சமயம் கடந்த வழக்கம் இது. தாய்மாமனை மணக்கும் முறை நமக்கு விலக்கப்பட்டது. எனினும் மாமன் மகள், அத்தை மகன், சித்தப்பா மகள் என்ற உறவில் மணம் நம் ஊர்களில் பெருவழக்கு. கேளாமைக்குரிய மரபணுக் குறை பெற்றோரில் ஒருவரிடம் மட்டும் இருந்தால் மறைந்தே கிடக்கும். இருவரிடமும் ஒரே குறை இருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு கேளாமைக்கு உண்டு. ஒரே பாட்டனார் வழிவந்த இருவரிடம் ஒரே குறை இருக்கும் சாத்தியம் அதிகம்.

மார்க்கத்தில் இது ஆகுமானதே. ஹராம் என்று கூற எவருக்கும் உரிமையில்லை. நபி (ஸல்) அவர்கள் தம் அத்தை மகளான ஸைனப் (ரலி) அவர்களை மணந்தார்கள். அதே வேளையில், மணப்பெண்ணுக்கு விரும்பத்தக்க பண்புகளைக் கூறுமிடத்து இமாம் நவவீ அவர்கள், நெருங்கிய உறவினளாக இல்லாதிருப்பதையும் மின்ஹாஜில் சேர்த்துள்ளார்கள். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களும் 'இஹ்யா'வில் அவ்வாறே கூறுகிறார்கள். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஹதீஸ் உறுதியானதன்று என்பதை இப்னுஸ் ஸலாஹ் போன்ற ஹதீஸ் கலை அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆதாரம் பற்றிய ஆய்வு ஒருபுறம் இருக்கட்டும். நெருங்கிய உறவில் தொடர்ந்து மணம் முடிப்பதால் சந்ததி நலிவடையக்கூடும் என்ற கவலை நம் ஃபிக்ஹ் மரபுக்குப் புதிதன்று என்பது இதனால் தெளிவாகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே பிறவிக் கேளாமை இருக்குமானால், மீண்டும் அதே குடும்பத்துக்குள் நிகாஹ் பேசும் முன் மரபணு ஆலோசனை பெறுவது அறிவுடைமை. பிறந்த குழந்தையை மறைத்து வைப்பதும், தாயைப் பழிப்பதும் அறிவுடைமை அன்று. இருவரிடமிருந்தும் வருவதே அக்குறை.

பரிகாரங்களும் உரிமைகளும்

தமிழகத்தில் காது கேளாதோர் கல்வியின் வரலாறு நீண்டது. பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் 1895இல் தொடங்கிய பள்ளி நாட்டின் தொன்மையான பள்ளிகளுள் ஒன்று. சென்னையில் லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் பள்ளி 1926இலும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பேச்சுப் பயிற்சி தரும் பால வித்யாலயா 1969இலும் எழுந்தன. முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் மத்திய அரசின் பன்முகக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம், தென்புறநகர் மக்களுக்கு அண்மையில் உள்ளது.

கருவிகளுள் எளியது காதொலிக் கருவி. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தகுதியுடையோர்க்கு அதை இலவசமாகவே வழங்குகிறது. மயிரணுக்கள் முற்றும் அழிந்தோர்க்குக் காதொலிக் கருவி பயன்படாது. 1957இல் பாரிஸில் தொடங்கி, 1978இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க் பல மின்முனைகளோடு செம்மைப்படுத்திய காக்ளியர் இம்ப்ளாண்ட், அழிந்த அணுக்களைத் தாண்டி நரம்பையே மின்சாரத்தால் தூண்டுகிறது. பல லட்சம் ரூபாய் பெறும் இச்சிகிச்சை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், தகுதியுள்ள குடும்பங்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கிடைக்கிறது.

அந்த வயது எல்லையின் பின்னே ஓர் அறிவியல் உண்மை உண்டு. பேச்சைப் புரிந்துகொள்ளும் மூளைப்பகுதி முதல் மூன்று, நான்கு ஆண்டுகளில் ஒலியால் வடிவம் பெறுகிறது. ஒலியே எட்டாத மூளையில் அவ்விடம் வேறு பணிகளுக்குப் போய்விடும். 'பையன் அப்பாவைப் போலவே தாமதமாகப் பேசுவான்' என்று காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் திரும்பப் பெற இயலாத ஆண்டு. அறுவையோடு பணி முடிவதுமில்லை. ஈராண்டு, மூவாண்டுப் பயிற்சியும் தாயின் ஓயாத பேச்சுமே குழந்தைக்கு மொழியைத் தருகின்றன.

முதியோர்க்கும் இது பொருந்தும். கண்ணாடி அணிய நாணாத நம் பெரியோர், காதொலிக் கருவி அணிய நாணுகின்றனர். கேளாமை அவர்களைக் குடும்பப் பேச்சிலிருந்து விலக்குகிறது. நடுவயதில் கவனிக்கப்படாத கேளாமை முதுமை மறதிக்கும் ஒரு முக்கியக் காரணம் என்று அண்மை ஆய்வுகள் கூறுகின்றன.

கருவி பயன்படாதோர்க்கும், அதை நாடாதோர்க்கும் சைகை மொழி உண்டு. பேச இயலாதவரின் சைகை ஒப்பந்தத்தில் பேச்சுக்குச் சமம் என்பது மின்ஹாஜின் விதி. உஸ்மானியச் சட்டத் தொகுப்பான 'மஜல்லா'வின் 70ஆம் விதியும் அதையே கூறுகிறது. தோப்காபி அரண்மனையில் காது கேளாத பணியாளர்களிடமிருந்து சைகை மொழியை அரசவையினரே கற்று வழங்கியதையும் வரலாறு அறியும். நிகாஹ் மேடையில் மணமகனின் சைகையை ஏற்கும் நாம், ஜும்ஆ பயானில் அவருக்கென ஒரு சைகைப் பெயர்ப்பாளரை நிறுத்த இன்னும் தயங்குகிறோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்துவிட்டது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே உரிமையைச் சொன்னவர்கள் நடைமுறையில் பின்தங்குவது அழகன்று.

மக்தபின் கடமை

மருத்துவமனைக்கு முன்பே ஒரு பிள்ளையின் செவியைச் சோதிக்கும் வாய்ப்புப் பெற்றவர் மக்தபின் உஸ்தாத். ஸே, ஸீன், ஷீன், ஸாத், ஃபே ஆகிய எழுத்துகளின் ஓசை உயர்ந்த சுருதியில் அமைந்தது. செவித்திறன் சற்றே குறைந்த பிள்ளை முதலில் தவறவிடுவது இத்தகைய ஓசைகளைத்தான். தமிழ்ப் பிள்ளைகள் அனைவர்க்கும் இவ்வெழுத்துகள் தொடக்கத்தில் கடினமே; ஆகவே மஃக்ரஜ் தவறுவோர் எல்லாம் கேளாதோர் அல்லர். ஆனால் மாதங்கள் சென்றும் இவற்றை வேறுபடுத்த இயலாத பிள்ளை, உஸ்தாதின் உதட்டையே நோக்கும் பிள்ளை, கிதாபால் வாயை மறைத்தால் தடுமாறும் பிள்ளை, பின்னிருந்து அழைத்தால் திரும்பாத பிள்ளை ஆகியோரைக் 'கவனமில்லாதவன்' என்று பிரம்பெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம்.

பிள்ளையின் பின்னால் ஒரு கை நீளத் தொலைவில் நின்று, ஒரு காதை அடைக்கச் செய்து, மூன்று எழுத்துகளையோ எண்களையோ மெல்லக் கிசுகிசுத்துத் திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும். பின்னர் மறு காது. மருத்துவர்களும் இன்று பயன்படுத்தும் சோதனை இது. இரு முறை தவறினால் பிள்ளையைப் பெற்றோரோடு அரசு மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு அனுப்பிவிட வேண்டும். பள்ளிச் சிறாருக்கான அரசின் சுகாதாரத் திட்டமும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையமும் மேற்கொண்டு வழிகாட்டும். ஒரு மக்தபின் பிள்ளைகள் அனைவரையும் சோதிக்க ஆண்டில் ஒரு காலைப்பொழுது போதும்.

ஒரு செவியை அடைத்து மறு செவியை அளக்கச் சொன்னவர்கள், இழந்தவருக்கு இழப்பீடு வாங்கித் தருவதற்காக அதைச் சொன்னார்கள். இழக்காமல் காப்பதற்கே அதைச் செய்யும் வசதியும் அறிவும் நமக்கு வாய்த்திருக்கின்றன. மின்ஹாஜின் அவ்வரிகளை இனி வகுப்பில் ஓதும்போது, அருகிலுள்ள மக்தபுக்கு மாணவர்களை அழைத்துச் சென்று அச்சோதனையையும் கற்பிப்பது என்று நாம் முடிவு செய்துள்ளோம். பிற கல்லூரிகளும் ஜமாஅத்துகளும் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறோம். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.